பூட்டிய படம்

இது என் கடைசி ஒப்படைப்புக்கான குறிப்பு. ஒரு பக்கம் போதும் என்பார் பெனடிக்ட் சார். அவர்தான் எங்கள் கல்லூரியின் திரைப்படத் துறைத் தலைவர். எனக்கு ஒரு பக்கம் போதவில்லை.

முதல் ஒப்படைப்பிலிருந்து தொடங்க வேண்டும். ஒரு படம் பார்த்து விமர்சனம் எழுதச் சொன்னார்கள். வகுப்பு முழுவதும் ஒரே அரங்கில் உட்கார்ந்து, கண்ணாடி போட்டுக்கொண்டு, ஒரே படத்தைப் பார்த்தோம். கண்ணாடி இல்லாமல் படம் பார்த்தவர்கள் எங்கள் வயதில் யாரும் இல்லை.

படத்தில் மகன் கடைசிவரை வீடு திரும்பாதது சரியான முடிவு என்று நான் எழுதினேன். மகன் திரும்பி வந்த காட்சியில் அழுததாக ரிஸ்வானா எழுதியிருந்தாள். மகனே கிடையாது, அது மகள் என்று இன்னொருவன் எழுதியிருந்தான். மூவருக்கும் நல்ல மதிப்பெண்.

யார் பார்த்தது சரி என்று சாரைக் கேட்டேன்.

“எல்லாரும் பாத்தது சரிதான், நிறைமதி. உன் கண்ணு எங்க சுருங்குது, நாடி எங்க தவறுதுன்னு கண்ணாடிக்குத் தெரியும். நீ முகத்தத் திருப்பப் போறதுக்கு ஒரு நொடி முன்னாடி அது காட்சிய மாத்திடும். அதுக்குப் பேருதான் இணக்கம். இணக்கம் வந்த பிறகு பாதிப் படத்துல எந்திரிச்சுப் போன ஒருத்தரக் காட்டு பாப்போம்.”

காட்ட முடியாது. படம் முடிந்து வெளியே வந்து சண்டை போட்ட ஒருவரையும் காட்ட முடியாது. அன்று டீக்கடையில் படத்தைப் பற்றி நாங்கள் ஒரு வார்த்தை பேசவில்லை. என்ன பேசுவது? அவரவர் கனவை அவரவர் சொல்லலாம். அடுத்தவர் கனவு தப்பு என்று சொல்ல முடியாது.

இரண்டாவது ஒப்படைப்புக்கு ஒரு முகத்தை வெட்டில்லாமல் எடுக்க வேண்டும். ஆத்தூர்ப் பக்கம் எங்கள் ஊருக்குப் போய் என் அக்கா அனுசுயாவை எடுத்தேன். அவள் கணவர் லோகநாதன் மாமா இறந்து அப்போது ஒரு மாதம்கூட ஆகவில்லை. அக்கா சமையலறை வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள். பேசவில்லை, அழவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அவ்வளவுதான் படம்.

வகுப்பில் திரையிட்டபோது ஒருவன் அந்தச் சிரிப்பு பிரமாதம் என்றான். கண்ணீர் உருண்ட இடம் பற்றி ஒருத்தி பேசினாள். கடைசியில் உன் அக்கா நிமிர்ந்து பார்த்தாரே, அதில் இருந்த நம்பிக்கைதான் படம் என்றார் சார்.

அக்கா நிமிரவில்லை. குறிப்பில் அதை மட்டும் எழுதிக் கொடுத்தேன். பார்வையாளரின் அனுபவத்தை மதிக்கக் கற்றுக்கொள் என்று கீழே எழுதித் திருப்பித் தந்தார்.

மூன்றாவதுதான் கடைசி. சொந்த ஊரைப் பற்றி ஒரு ஆவணப்படம் எடுத்து, அதை ஊர்க்காரர்களுக்குப் போட்டுக் காட்ட வேண்டும். எதை எடுப்பது என்று நான் யோசிக்கவே இல்லை.

எங்கள் ஊரில் சேகோ ஆலை இருக்கிறது. மரவள்ளிக் கிழங்கை அரைத்து ஜவ்வரிசி செய்வார்கள். அரைத்த தண்ணீர் ஒரு பெரிய குழியில் போய்த் தேங்கும். மிஞ்சிய சக்கையைத் திப்பி என்போம். திப்பி அடைத்துக்கொண்டால் குழியில் தண்ணீர் புளித்து நுரை கட்டும், விஷவாயு ஏறும். லோகநாதன் மாமா அடைப்பு எடுக்க அதில் இறங்கினார். ஏறவில்லை.

ஆலை முதலாளி பழனிவேல் விசாரணையில் இரண்டு விஷயம் சொன்னார். யாரும் சொல்லாமல் லோகநாதன் தானாகவே இறங்கினான் என்பது ஒன்று. ஆளை இறக்கும் பழக்கம் என்று ஒன்று இருந்தால்தானே அனுப்புவதற்கு, எங்கள் ஆலையில் ஆள் இறங்குவதே கிடையாது, எல்லாம் மோட்டார்தான் என்பது இன்னொன்று. கூட வேலை செய்தவர்கள் வாய் திறக்கவில்லை. கோட்டாட்சியர் அறிக்கை எழுத வேண்டியதுதான் பாக்கி.

முதலாளி பணம் தர முன்வந்தார். அக்கா வாங்கவில்லை. அவரை அனுப்பினார்கள் என்று அறிக்கையில் எழுத வேண்டும், அது போதும் என்றாள்.

என் படத்தில் பெரிதாக ஒன்றும் இல்லை. அக்கா மாமாவைப் பற்றிப் பேசுகிறாள். வேலைக்குக் கிளம்பும்போது அன்று என்ன சொன்னார், போன் பண்ணி எதற்குக் கூப்பிட்டார்கள் என்று சொல்கிறாள். அதன் பிறகு குழி. குழிவாயையும் அதில் சாத்தியிருந்த இரும்பு ஏணியையும் நீளமான ஒரே காட்சியாக வைத்திருந்தேன். பேச்சு இல்லை, இசை இல்லை. நுரை மட்டும் அசைகிறது. பார்ப்பவருக்கு மூச்சு முட்ட வேண்டும் என்பதற்காகத்தான் அத்தனை நீளம்.

கல்யாண மண்டபத்தில் திரையிட்டேன். வாசலில் கூடையில் கண்ணாடிகள் வைத்திருந்தோம். விசாரணை நடத்தும் கோட்டாட்சியர் வந்தார், ஒரு பெண்மணி. பழனிவேலும் வந்து முதல் வரிசையில் உட்கார்ந்தார். வரட்டும், பார்க்கட்டும் என்றுதான் நானே அவருக்கு அழைப்பு கொடுத்திருந்தேன்.

படம் முடிந்ததும் கைதட்டினார்கள். ஒருவரும் எழுந்து போகவில்லை.

கோட்டாட்சியர் என் கையைப் பிடித்துக்கொண்டார். குழியைச் சுற்றி முகமூடியும் கயிறுமாக ஆட்கள் நின்ற இடம் மிகவும் நன்றாக இருந்ததாம். பாதுகாப்பு பற்றி இப்படி ஒரு படம் பள்ளிகளில் போட வேண்டும் என்றார். என் படத்தில் முகமூடியும் இல்லை, கயிறும் இல்லை.

அடுத்து பழனிவேல் மேடை ஏறினார். கண் சிவந்திருந்தது. எனக்குப் பொன்னாடை போர்த்தினார். குனிந்து, மைக்குக்குக் கேட்காதபடி கேட்டார்.

“அன்னைக்கு நான் அவனத் தோள்ல போட்டுட்டு ஓடுனத எப்படிக் கண்ணு எடுத்த? அங்க கேமரா இருந்துச்சா?”

அவர் நடிக்கவில்லை. அன்று அவர் சேலத்தில் ஒரு திறப்பு விழாவில் இருந்தார். அது ஊருக்கே தெரியும். இப்போது அவருக்கு மட்டும் தெரியாது.

பொன்னாடையோடு வீட்டுக்கு வந்தேன். அதை என்ன செய்வது என்று தெரியவில்லை. அக்கா அதை வாங்கி மடித்து, மிதியடியாகப் போட்டாள். அந்தப் படத்தில் அவள் என்ன பார்த்தாள் என்று நான் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை.

இரண்டு வாரம் கழித்து ஊருக்குப் போனபோது பகலில் வீட்டில் சத்தமே இல்லை. அக்கா சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். கண்ணாடி போட்டிருந்தாள். கூடையில் திருப்பிப் போடாமல் ஒன்றை எடுத்து வந்திருக்கிறாள். அதில் ஏறியிருந்த என் படத்தின் பிரதிதான் ஓடிக்கொண்டிருந்தது. அவள் முகத்தில் இருந்ததை நான் அவள் கல்யாணத்தன்று பார்த்திருக்கிறேன்.

என்ன தெரிகிறது என்று கேட்டேன்.

“ஏறி வர்றாரு பாப்பா. கொஞ்ச நேரம் ஒண்ணும் இல்ல. அப்புறம் ஏணியில கை தெரியுது. மேல வந்து மூஞ்சியத் தொடச்சிக்கிறாரு. இந்தப் பக்கம் ஒரு பார்வ பாத்துட்டுப் போயிடறாரு.”

தினமும் சோறு வடித்த பிறகு ஒரு தடவை பார்ப்பதாகச் சொன்னாள். அதன் பிறகு சாப்பிட முடிகிறதாம்.

அன்று மாலையே பேருந்து ஏறிக் கல்லூரிக்கு வந்து, சார் அறையில் போய் நின்றேன். படத்தைப் பூட்ட முடியுமா என்று கேட்டேன். பழைய படங்களை மாறாமல் காப்பதற்கென்று ஆவணக் காப்பகத்தில் அப்படி ஒரு வசதி உண்டு என்று வகுப்பில் அவரே சொல்லியிருக்கிறார். பூட்டினால் கேமராவில் பதிந்தது பதிந்தபடியே, எல்லோருக்கும் ஒரே படம்தான் தெரியும்.

முடியும் என்றார். ஆனால் பூட்டினால் வெளியே போன பிரதிகளும் பூட்டிக்கொள்ளும், திரும்பத் திறக்க வழியில்லை. பார்ப்பவர்களிடம் முன்கூட்டியே சொல்லிச் சம்மதம் வாங்க வேண்டும். பூட்டிய படத்துக்கு மதிப்பெண் கிடையாது. மதிப்பெண் இல்லாவிட்டால் பட்டமும் கிடையாது.

“ஏன் சார்?”

“தாங்க முடியாத ஒண்ண ஒருத்தர் கண்ணு முன்னாடி கொண்டு போய் நிறுத்தறது வன்முறைம்மா. முன்னெல்லாம் அதத்தான் சினிமான்னு சொல்லிட்டு இருந்தோம். அரங்குல எத்தன பேர் மயங்கி விழுந்திருக்காங்க தெரியுமா? இன்னைக்கு யாருக்கும் ஒரு கீறல் இல்ல.”

“எங்க மாமாவுக்கு?”

அவர் பேனாவை மூடி வைத்தார். கெட்ட மனிதர் இல்லை.

“பாக்க வெச்சா மட்டும் அவரு திரும்பி வந்துடுவாரா?”

“எங்க அக்கா படத்துல வந்துட்டாரு சார். அதுதான் பிரச்சின.”

சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அது வெறும் பார்வைக் கண்ணாடிதான். நன்றாக யோசித்துக்கொள் என்றார். நான் அப்பொழுதே முடிவு செய்துவிட்டேன். ஆனால் அதை முடிவு செய்ய வேண்டியது நான் இல்லை.

ஊருக்குத் திரும்பி, அக்காவிடம் எதையும் மறைக்காமல் சொன்னேன். பூட்டினால் அவள் கையில் இருக்கும் படமும் மாறிவிடும். மாமா வரமாட்டார். வேண்டாம் என்றால் விட்டுவிடுகிறேன், பட்டம் வாங்கிக்கொண்டு போய்விடுகிறேன் என்றேன்.

“அந்தாளுக்கு இது என்ன காட்டுச்சு?”

முதலாளி மாமாவைத் தோளில் போட்டு ஓடியதைச் சொன்னேன். கோட்டாட்சியரின் கயிற்றையும் முகமூடியையும் சொன்னேன்.

அக்கா கண்ணாடியைக் கையில் வைத்துத் திருப்பிக்கொண்டே இருந்தாள். அடுப்பில் குழம்பு பொங்கியது. எழுந்து போய் இறக்கி வைத்துவிட்டு வந்தாள்.

“எனக்கும் அவரு பொழச்சிக்கிறாரு. அந்தாளுக்கும் பொழச்சிக்கிறாரு. அப்ப செத்தது யாருன்னு எவந்தான் சொல்றது? பூட்டிடு பாப்பா.”

இன்னொரு தரம் பார்த்துவிட்டுத் தருகிறேன் என்றாள். நான் வெளியே போய் நின்றேன். வந்து கண்ணாடியை என் கையில் வைத்தாள்.

மறுநாள் பூட்டினேன். திரையில் ஒரு கேள்வி வந்தது: உறுதியா? ஆம் என்றேன். அவ்வளவுதான்.

மண்டபம் கிடைக்குமா என்று பயந்தேன். அது பழனிவேலின் மைத்துனருடையது. நான் கேட்கும் முன்பே பழனிவேலே கூப்பிட்டார். சொந்தக்காரர்கள் எல்லோரும் அந்தப் படத்தைப் பார்க்க ஆசைப்படுகிறார்களாம். மறுபடி போடு, வாடகை வேண்டாம் என்றார். இந்த முறை கண்ணாடி கிடையாது, எல்லோருக்கும் ஒரே படம்தான், சம்மதமா என்று கேட்டேன்.

“அதுக்கென்ன கண்ணு. நடந்தது நடந்ததுதான. ஊரே பாக்கட்டும்.”

ஞாயிற்றுக்கிழமை காலை. ஜன்னல்களைச் சாக்குப் போட்டு மறைத்தோம். கல்லூரிக் கிடங்கிலிருந்து ஒரு பழைய புரொஜக்டரை ரிஸ்வானா தூக்கி வந்திருந்தாள். பட்டம் போனால் நாம் இரண்டு பேரும் கல்யாண வீடியோ எடுத்துப் பிழைக்கலாம், அதில் எல்லோரும் ஏற்கெனவே சிரித்துக்கொண்டுதான் இருப்பார்கள், இணக்கம் தேவையில்லை என்றாள். உள்ளே வந்த ஒவ்வொருவரிடமும் சொல்லிச் சம்மதம் வாங்கினோம். எவரும் மறுக்கவில்லை. பூட்டிய படம் என்றால் என்னவென்று யாருக்கும் தெரியவில்லை. கோட்டாட்சியரை நான் நேரில் போய் அழைத்திருந்தேன். வந்து ஓரமாக உட்கார்ந்தார். ஆலைத் தொழிலாளிகள் குடும்பத்தோடு வந்து பின்னால் உட்கார்ந்தார்கள். பழனிவேல் பேரன் பேத்திகளோடு முன்வரிசையில் இருந்தார்.

நான் அக்காவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். பூட்டிய பிறகு படத்தை நான் பார்க்கவில்லை. நான் எடுத்தது, நான் வெட்டி ஒட்டியது, எனக்குத் தெரியாதா என்று இருந்துவிட்டேன்.

படம் ஓடத் தொடங்கியதும் ஜனங்களுக்கு எப்படி உட்காருவது என்றே தெரியவில்லை. பக்கத்தில் இருப்பவர் மூச்சு கேட்கிறது. முன்னால் இருப்பவர் தலை மறைக்கிறது. அக்கா பேசுகிறாள், பேசுவது நிற்கவில்லை, யாருக்காகவும் மென்மையாகவில்லை. போன் வந்ததைச் சொல்கிறாள். சூப்பர்வைசர் பெயரைச் சொல்கிறாள். ‘அடச்சிக்கிச்சு, சீக்கிரம் வந்து எறங்கு’ன்னாங்க என்கிறாள். இரண்டு பேர் எழுந்து வெளியே போனார்கள். நாற்காலி தேயும் சத்தம் கேட்டது. எனக்கு அந்தச் சத்தம் பிடித்திருந்தது. ஒருவர் வாயைப் பொத்திக்கொண்டு ஓடினார். பழனிவேல் தலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இது வேறு படம் என்று நினைத்திருப்பார்.

குழி வந்தது. ஏணி. நுரை.

எதுவும் நடக்காது என்று எனக்குத் தெரியும். எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன்.

இடதுபக்கமிருந்து ஓர் ஆள் வந்தார்.

துண்டைக் கழற்றி ஏணி முனையில் மாட்டினார். சுற்றிலும் ஒரு பார்வை பார்த்தார். இறங்கினார். முகமூடி இல்லை, கயிறு இல்லை.

குழியைப் படம் எடுத்த அன்று கேமராவை முக்காலியில் ஓடவிட்டு, பேச்சுச் சத்தம் விழக்கூடாது என்று அக்காவைக் கூட்டிக்கொண்டு மதிலுக்கு அந்தப் பக்கம் போய் உட்கார்ந்திருந்தேன். திரும்பி வந்தபோது குழி மட்டும்தான் இருந்தது. வெட்டி ஒட்டியதெல்லாம் கண்ணாடி போட்டுக்கொண்டு. எனக்கு வேண்டியிருந்தது ஒரு காலியான குழி. கண்ணாடி என் நாடி பார்த்து அதைத்தான் எனக்குக் கொடுத்திருக்கிறது. இணக்கம் எல்லோரையும் ஏமாற்றுகிறது, நான் மட்டும் நேராகப் பார்க்கிறேன் என்று ஆறு மாதம் திரிந்திருக்கிறேன்.

திரையில் நுரை அசைந்தது. மண்டபத்தில் யாரும் அசையவில்லை. நேரம் போனது. பிறகு ஏணியில் ஒரு கை தெரிந்தது. ஆள் மேலே வந்தார். கொஞ்ச நேரம் குனிந்தபடி நின்று இருமினார். துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். நிமிர்ந்து நேராகக் கேமராவைப் பார்த்தார். போய்விட்டார்.

அக்கா என் மணிக்கட்டைப் பிடித்தாள்.

“இதே கைதான் பாப்பா. இதே துண்டுதான். நான் பாத்தப்ப மூஞ்சி மட்டும் அவரு.”

பின்வரிசையில் ஒரு பெண் எழுந்து நின்றாள். கோகிலா. ஆலையில் கிழங்கு தோல் சீவுபவள். பக்கத்தில் அவள் கணவர் மாதேசன் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தார்.

“ஏய்யா, நீயா அது?”

மாதேசன் நிமிரவில்லை.

“லோகு அண்ணன் போன பொறவுமா எறங்குன? நம்ம வீட்டுல ரெண்டு புள்ளைங்க இருக்குதுய்யா.”

பழனிவேல் எழுந்து திரும்பினார். இது ஜோடித்தது, பொய், முன்னால் போட்ட படம் இது இல்லை என்றார். என் படத்தைப் பொய் என்று ஒருவர் சொன்னது அதுதான் முதல் தடவை. அதற்கு முன்னால் எடுத்ததை எல்லோரும் பாராட்டத்தான் செய்திருக்கிறார்கள். ஒரு படத்தோடு சண்டை போட முடிகிறது என்பதே எனக்குப் பெரிய நிம்மதியாக இருந்தது.

கோட்டாட்சியர் பின்வரிசைக்கு நடந்து போனார். மாதேசனிடம் அது நீங்கள்தானா என்று கேட்டார். மாதேசன் முதலாளியைப் பார்த்தார். மனைவியைப் பார்த்தார்.

“நாந்தாங்க.”

யார் இறங்கச் சொன்னது என்று கேட்டார். மாதேசன் முன்வரிசையை நோக்கிக் கை நீட்டினார். எப்போதிலிருந்து என்று கேட்டார்.

“லோகு அண்ணன் காரியம் முடிஞ்ச மறுநாள்லருந்துங்க. அடச்சிக்கிட்டா நாந்தான். அவருக்கு முன்னாடி எங்கப்பா.”

அப்போது மண்டபத்தில் ஒரு சத்தம் எழுந்தது. அழுகை இல்லை, கூச்சல் இல்லை. அத்தனை பேரும் ஒரே நேரத்தில் மூச்சை இழுத்தார்கள். எல்லோரும் ஒன்றையே பார்த்தால் அப்படி ஒரு சத்தம் வரும் என்று எனக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை.

அக்கா எழுந்து போய்க் கோகிலாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

அந்த இடத்தை மறுபடியும் போடச் சொன்னார் கோட்டாட்சியர். கையில் பேனாவை எடுத்திருந்தார். நான் படத்தைப் பின்னால் ஓட்டினேன்.

பழனிவேல் கண்ணாடி எங்கே, கண்ணாடியைக் கொண்டு வா என்று மண்டபத்து மேனேஜரைச் சத்தம் போட்டார். மேனேஜர் ஓடிப் போய் ஆபீஸ் அறையிலிருந்து ஒன்றை எடுத்து வந்தார். பழனிவேல் அதை அவசரமாக மாட்டிக்கொண்டு திரையைப் பார்த்தார்.

மாதேசன் துண்டைக் கழற்றி ஏணியில் மாட்டிவிட்டு, கண்ணாடி போட்டிருந்த அவருக்கும் அதேபோல் இறங்கினார்.